செத்தவளைக் குற்றவாளி ஆக்கிய மறுவிசாரணை



கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம், ஆனால் கீழே வந்து 'சூப்பர் டீச்சர்' என்று மட்டும் போடாதீர்கள். படிக்காமல் போட்டது எது என்று எனக்குத் தெரிந்துவிடும். எத்தனை வருஷம் நோட்டுத் திருத்தியவள் நான்!

இங்கிலாந்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து துப்பறியும் நாவலைச் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவன், இரண்டு மாசத்துக்கு முன் போன் செய்தான். "டீச்சர், இன்ஸ்பெக்டர் மோர்ஸ் சீரியல்ல ஒரு எபிசோட் இருக்கு. ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டே நூத்திநாப்பது வருஷத்துக்கு முந்தின கொலைக் கேஸை மோர்ஸ் திரும்ப எடுத்து விசாரிக்கிறார். நீங்க கட்டாயம் பார்க்கணும். உண்மையைத் தேடறதுன்னா அதுதான் டீச்சர்" என்றான். ஊருக்கு வந்த அவன் தம்பியிடம் டிஸ்க்கைக் கொடுத்தனுப்பியும் விட்டான். பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். மூலக்கதையான நாவலையும் வரவழைத்துப் படித்தேன். அவனுக்குப் போனில் பதில் சொன்னால் "சரி டீச்சர், சரி டீச்சர்" என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவான். அதனால் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். தம்பி, இந்தப் பதிவு உனக்குத்தான்.

முதலில் தெரியாதவர்களுக்கு. 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' 1987 முதல் 2000 வரை பிரிட்டனின் ஐடிவியில் வந்த தொடர். மொத்தம் 33 பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு சினிமா நீளம். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ் அதிகாரி. பழைய சிவப்பு ஜாகுவார் கார், பியர், சங்கீதம், குறுக்கெழுத்து, யாரிடமும் ஒட்டாத சுபாவம். ஜான் தா நடித்தார். அந்த மனிதரின் முகத்தில் ஒரு சலிப்பு ஓடும் பாருங்கள், அதற்காகவே பார்க்கலாம். எழுதியவர் காலின் டெக்ஸ்டர். அவரும் நம் ஜாதிதான், வாத்தியார். காது கேட்பது குறைந்துபோனதால் 1966-இல் பள்ளி வேலையை விட்டுவிட்டு ஆக்ஸ்ஃபோர்டில் பரீட்சை நடத்தும் அலுவலகத்துக்குப் போனவர். குறுக்கெழுத்துப் பைத்தியம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் சொல்லும் பகுதி 'தி வெஞ்ச் இஸ் டெட்'. 1998 நவம்பரில் ஒளிபரப்பானது. நாவல் 1989-இல் வந்தது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் தங்கக் கத்தி விருதையும் வாங்கியது. 'வெஞ்ச்' என்றால் பெண் என்று அகராதி சொல்லும். ஆனால் மரியாதையாகச் சொல்லும் சொல் அல்ல அது. நம்மூரில் 'அந்தச் சிறுக்கி' என்பார்களே, அந்த வாடை அதில் உண்டு. கிறிஸ்டோபர் மார்லோவின் நாடகத்தில், ஒருவன் தன்மேல் வந்த பழியைத் தோளில் விழுந்த தூசி மாதிரித் தட்டிவிடும் இடத்திலிருந்து எடுத்த தலைப்பு. தலைப்பே எனக்கு இடித்தது. சரி, பார்ப்போம் என்றுதான் பார்த்தேன்.

கதை இது. வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவாகி மோர்ஸ் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். படிக்க ஒரு புத்தகம் கிடைக்கிறது: 1859-இல் ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயில் பிணமாக மிதந்த ஜோவன்னா ஃபிராங்க்ஸ் என்ற பெண்ணின் வழக்கு. கணவனைத் தேடி லண்டனுக்குச் சரக்குப் படகில் போனவள். படகு ஆட்கள் குடித்துவிட்டு அவளைப் பாழ்படுத்திக் கொன்றார்கள் என்று தீர்ப்பு. இரண்டு பேருக்குத் தூக்கு, ஒருவனுக்குக் கடைசி நேரத்தில் தண்டனை குறைந்து நாடுகடத்தல். மோர்ஸுக்குச் சந்தேகம் வருகிறது. இளம் கான்ஸ்டபிள் ஒருவனைப் பழைய காகிதங்களைத் தேட அனுப்புகிறார். (லூயிஸ் இந்தப் பகுதியில் இல்லை. அவர் இருந்திருந்தால் நான் கேட்கப்போகும் கேள்வியை அவர் கேட்டிருப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.)

உடல்நலமில்லாமல் படுத்திருக்கும் துப்பறிவாளர் சரித்திர வழக்கை ஆராய்வது டெக்ஸ்டர் கண்டுபிடித்த உத்தி அல்ல. ஜோசஃபின் டே 1951-லேயே எழுதிவிட்டார். கால் உடைந்து கிடக்கும் இன்ஸ்பெக்டர் ஒருவர் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் மேல் சுமத்திய கொலைப்பழியை ஆராய்வார். அங்கே பழி சுமந்தவன் ராஜா. அவனுக்கு வக்காலத்து வாங்க ஆள் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

மோர்ஸ் என்ன கண்டுபிடிக்கிறார்? முடிவைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லாமல் என் வழக்கை நடத்த முடியாது. நாவலை ஒட்டிச் சொல்கிறேன். பழைய வீட்டுச் சுவரில், காகிதம் உரித்த இடத்தில், ஜோவன்னாவின் உயரத்தைக் குறித்து வைத்த கோடு இருக்கிறது. நாமும் கதவுநிலையில் பிள்ளைகளுக்குப் பென்சிலால் குறிப்போமே, அதேதான். அந்த உயரமும் கால்வாயில் எடுத்த பிணத்தின் உயரமும் ஒத்துவரவில்லை. அயர்லாந்தில் அவளுடைய முதல் கணவன், ஒரு மாயாஜாலக்காரன், புதைக்கப்பட்டதாகச் சொன்ன கல்லறையைத் தோண்டுகிறார்கள். பெட்டிக்குள் ஆள் இல்லை. ஆக, அவனும் சாகவில்லை, அவளும் சாகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இன்ஷூரன்ஸ் பணத்துக்காகப் போட்ட நாடகம். வழி முழுக்க "படகுக்காரர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது" என்று அவள் புகார் சொன்னாளே, இரவில் கத்தினாளே, எல்லாம் சாட்சி உண்டாக்குவதற்கான நடிப்பு. பிணம் வேறு யாரோ ஒரு பெண்ணுடையது. தூக்கில் தொங்கியவர்கள் நிரபராதிகள்.

பிரமாதமான முடிச்சு, ஒத்துக்கொள்கிறேன். கட்டம் எல்லாம் நிரம்பிவிட்டது, குறுக்கும் நெடுக்கும் சரி. நானும் முதல் தடவை கைதட்டினேன்.

பிறகுதான் அந்தக் கதை எதிலிருந்து வந்தது என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாதோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

ஜோவன்னா ஃபிராங்க்ஸ் கற்பனை. கிறிஸ்டினா காலின்ஸ் கற்பனை இல்லை. 1839 ஜூன். வயது 37. அவளுடைய முதல் கணவனும் ஒரு மாயாஜாலக்காரன்தான், உண்மையாகவே செத்துப்போனவன். இரண்டாவது கணவன் ராபர்ட் லண்டனுக்கு வேலை தேடிப் போய், வேலை கிடைத்ததும் வழிச்செலவுக்கு ஒரு கினி அனுப்புகிறான். ரயிலுக்கும் கோச்சு வண்டிக்கும் வசதி இல்லாத ஏழைப் பெண். லிவர்பூலிலிருந்து புறப்பட்டு, பிரெஸ்டன் புரூக்கில் பிக்ஃபோர்ட் கம்பெனியின் சரக்குப் படகில் ஏறுகிறாள். படகில் மூன்று ஆண்கள், ஒரு பையன். சரக்காக வந்த மதுவை வழியிலேயே எடுத்துக் குடிக்கிறார்கள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? படகைவிட்டு இறங்கி, குதிரை நடக்கும் கரைப்பாதையில் முடிந்தமட்டும் நடந்தே வந்தாள். காசு கொடுத்து ஏறிய படகுக்குப் பக்கத்தில் நடந்து வருகிறாள் ஒரு பெண்! நின்ற இடங்களில் வாய்விட்டுச் சொன்னாள். ஸ்டோன் என்ற ஊரில் கால்வாய் அலுவலகக் குமாஸ்தாவிடம், இவர்கள் குடித்திருக்கிறார்கள், என்னைத் தொந்தரவு செய்வார்களோ என்று பயமாக இருக்கிறது என்றாள். அவர் சொன்ன யோசனை: போய்ச் சேர்ந்ததும் அங்கே புகார் கொடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும்!

நள்ளிரவில் ஹூ மில் மதகருகே அலறல் கேட்டு மதகுக் காவலரும் மனைவியும் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த அம்மாள் படகுக்காரர்களிடம், அந்தப் பெண்ணோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார். அவள் புருஷன் கூட இருக்கிறான் என்று பதில் வருகிறது. புருஷன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன? கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். விடிகாலையில் ரூஜ்லி ஊருக்குப் பக்கத்தில், பிரிண்ட்லி கரையில், பிணம் மிதந்தது. அவளைக் கரையேற்றித் தூக்கிச் சென்ற படிக்கட்டுக்கு இன்றும் 'ரத்தப் படிகள்' என்று பெயர்.

இன்னொன்று. படகுத் தலைவன் ஓவன் அடுத்த நிலையத்தில் கம்பெனி ஆளிடம் என்ன சொன்னான்? பயணி ஒருத்தி தண்ணீரில் விழுந்து உயிரை விட்டுவிட்டாள் போலிருக்கிறது, அவளுக்குப் புத்தி சரியில்லை என்று. ஆக, அந்தப் பெண் நாடகக்காரி, கிறுக்குப் பிடித்தவள் என்று முதலில் கதை கட்டியது ஆக்ஸ்ஃபோர்ட் மேதை மோர்ஸ் இல்லை. அவள் சாவுக்குக் காரணமானவர்களே அன்று காலையிலேயே கட்டிவிட்டார்கள். டெக்ஸ்டர் நூற்றைம்பது வருஷம் கழித்து வந்து, அவர்கள் சொன்னதைவிடக் கெட்டிக்காரத்தனமான கதையைக் கொடுத்தார்.

1840 மார்ச்சில் ஸ்டாஃபோர்டில் வழக்கு நடந்தது. ஏப்ரலில் ஓவனும் தாமஸும் தூக்கிலிடப்பட்டார்கள். எல்லிஸ் என்பவனுக்குத் தண்டனை குறைந்து நாடுகடத்தல். டெக்ஸ்டர் ஆண்டையும் கால்வாயையும் பெயர்களையும் மாற்றினார். மாயாஜாலக்காரக் கணவன், குடிகாரப் படகு ஆட்கள், கூட வந்த பையன், வழியெல்லாம் சொன்ன புகார், தூக்கு எண்ணிக்கை, எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒன்றைத்தான் தலைகீழாகப் புரட்டினார். கொலையுண்டவளைக் கொலைகாரி ஆக்கினார். ஆமாம், கொலைகாரிதான். கதைப்படி, தன் நடிப்பால் இரண்டு அப்பாவிகளைத் தூக்குமேடைக்கு அனுப்பிவிட்டுப் பணத்தோடு போனவள் வேறு யார்?

என் நாத்தனார் மகள், வக்கீலுக்குப் படிக்கிறாள், இதைக் கேட்டுவிட்டு என்னோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். "அத்தை, கதைதானே. பேரை மாத்திட்டார் இல்லையா? அதுவும் இல்லாம, எப்பப் பார்த்தாலும் பொண்ணு செத்துக் கிடக்கிற கதையா வருது. இதுல அவ சாகலை, எல்லாரையும் ஏமாத்திட்டுப் போயிட்டா. நல்லதுதானே?" என்றாள்.

நல்ல கேள்வி. பாஸ் மார்க் போட்டேன். ஆனால் அந்த வாதம் முழுக்கக் கற்பனைப் பெண்ணுக்குத்தான் செல்லும். கிறிஸ்டினா தப்பித்துப் போகவில்லை. அவளுக்கு ரூஜ்லி தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் சிலர் காசு போட்டுக் கல் நட்டு, அவளுக்கு நேர்ந்த கொடுமையை அதில் பொறித்து வைத்தார்கள். முன்பின் தெரியாத ஊர் ஜனங்கள் அவளுக்காக ஒரு கல் வைத்தார்கள். எனக்கு அந்தக் கல்தான் பெரிய எழுத்து.

அப்புறம் அந்த இன்னொரு பிணம். ஜோவன்னா சாகவில்லை என்றால் கால்வாயில் கிடந்த பெண் யார்? அவளுக்குப் பெயர் என்ன? எப்படிச் செத்தாள்? வழக்கைத் திரும்பத் திறந்தேன் என்று மார்தட்டுகிற கதைக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. உயரம் ஒத்துவரவில்லை என்று காட்டுவதற்கு அந்த உடம்பு தேவைப்பட்டது, காட்டியதும் வேலை முடிந்தது. தலைப்பில் செத்துப்போன 'வெஞ்ச்' அவள்தான்! துப்பறிகிறவர் ஒரு பிணத்தைப் பெயரில்லாமல் விட்டுவிட்டுக் கோப்பை மூடுகிறார், நாம் கைதட்டுகிறோம். இதைத்தான் லூயிஸ் கேட்டிருப்பார் என்றேன்.

வழக்கைத் திரும்ப எடுப்பதே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். அதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன். தூக்கில் போட்ட உயிர் திரும்பாது. அதனாலேயே சந்தேகம் இருந்தால் நூறு வருஷம் ஆனாலும் திறக்கத்தான் வேண்டும். ஆனால் எப்படித் திறப்பது என்று அதே நாட்டில் உதாரணம் இருக்கிறது. அதே 1998-இல் இருக்கிறது.

டெரெக் பென்ட்லி. 1952 நவம்பரில் குராய்டனில் ஒரு கிடங்குக் கூரைமேல் போலீஸ்காரர் ஒருவர் சுடப்பட்டுச் செத்தார். சுட்டவன் 16 வயதுப் பையன். வயது குறைவு என்பதால் அவனுக்குத் தூக்கு இல்லை, சிறை. பென்ட்லிக்கு 19 வயது. புத்தி வளர்ச்சி சின்னப் பிள்ளை அளவுதான். அந்தக் குண்டு பாய்ந்தபோது அவன் ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்தான். 1953 ஜனவரி 28 அன்று அவனைத் தூக்கிலிட்டார்கள். அவனுடைய தாய் தகப்பன் போராடினார்கள், அக்கா ஐரிஸ் போராடினார். நாற்பது வருஷத்துக்கும் மேல் மனு, கடிதம், கூட்டம் என்று அலைந்தார். 1993-இல் பாதி நியாயம் கிடைத்தது: தண்டனை தவறு என்று அளவில் ஒரு மன்னிப்பு, குற்றம் மட்டும் அப்படியே. அவர் விடவில்லை. 1997-இல் ஐரிஸ் இறந்துபோனார். 1998 ஜூலை 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. அதைக் கேட்க அவர் இல்லை. மூன்றரை மாதம் கழித்து அதே நாட்டு டிவியில் மோர்ஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு பொழுதுபோக்காக ஒரு வழக்கைத் திறந்து மூடினார்.

டிமத்தி எவன்ஸையும் சொல்லவேண்டும். மனைவியையும் குழந்தையையும் கழுத்தை நெரித்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டினார்கள். குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காக 1950-இல் தூக்கிலிட்டார்கள். கீழ்வீட்டுக்காரன் கிறிஸ்டிதான் செய்தான் என்று கோர்ட்டில் சொன்னான். யாரும் நம்பவில்லை. அந்தக் கிறிஸ்டி அரசுத் தரப்புச் சாட்சியாக மரியாதையோடு கூண்டேறினான். மூன்று வருஷம் கழித்து அவன் வீட்டுச் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் தோட்டத்திலும் பெண்களின் பிணங்கள் கிடைத்தன. எவன்ஸுக்கு மன்னிப்பு வந்தது 1966-இல். அவன் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் அந்தப் பெண்களில் சிலராவது பிழைத்திருப்பார்கள்.

இந்த இரண்டிலும் மறுவிசாரணை என்றால் முதல் தடவை யார் குரல் காதில் ஏறவில்லையோ அந்தக் குரலைத் திரும்பக் கேட்பது. மோர்ஸ் செய்தது அதுவல்ல. யார் வழியெல்லாம் நின்று நின்று சொல்லியும் ஒருவரும் கேட்கவில்லையோ, அவள் சொன்னதையே அவளுக்கு எதிரான தடயமாகத் திருப்பினார். இத்தனை பேரிடம் சொன்னாளே, அப்படியானால் ஏதோ திட்டம்! ஒரு பெண் சொல்லாமல் இருந்தால் ஏன் சொல்லவில்லை என்பார்கள். நாலு பேரிடம் சொன்னால் ஏன் இத்தனை பேரிடம் சொன்னாள் என்பார்கள். வக்கீல் படிக்கும் மருமகளே, கோர்ட்டில் இந்த இரண்டு கேள்வியையும் நீ ஒரே நாளில் கேட்பாய்.

டெக்ஸ்டர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு அது புதிர். கருப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம். எனக்கு அது அப்படித் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இவ்வளவு எழுதியது நாணயமாக இருக்காது.

எந்த வருஷம், எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. ஊரிலிருந்து வேனில் வருகிறவள். ஒருநாள் மத்தியானம் மணி அடித்த பிறகும் போகாமல் என் மேஜைப் பக்கத்தில் நின்றாள். "டீச்சர், வேன்ல வர்றதுக்குப் பயமா இருக்கு" என்றாள். எனக்கு மறுநாள் இன்ஸ்பெக்ஷன். வருகைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பரீட்சை முடியட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் நாலு மைல் நடந்து வர ஆரம்பித்தாள். தாமதமாக வந்தாள் என்று இரண்டு தடவை வெளியே நிற்க வைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். அரைப்பரீட்சையோடு பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஏன் நின்றாள் என்று வீட்டுக்குப் போய்க் கேட்டேனா? கேட்கவில்லை. பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு இழுத்தேன்.

ஸ்டோன் ஊர்க் குமாஸ்தா சொன்னதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. போய்ச் சேர்ந்ததும் புகார் கொடு. பரீட்சை முடியட்டும், பார்த்துக்கலாம். கரைப்பாதையில் நடந்த அந்தப் பெண்ணைப் படித்தபோது தார்ச்சாலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்தவள் தெரிந்தாள். இதைப் படிப்பவர்களில் அவள் வகுப்பில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே எழுதவேண்டாம். அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். அவளுக்குச் சம்மதம் இருந்தால் மட்டும். நான் பஸ் ஏறிப் போய்க்கொள்கிறேன்.

தம்பி, உன் டிஸ்க்கை உன் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜான் தா நன்றாகத்தான் நடித்திருக்கிறார். அடுத்த முறை வடக்கே காரில் போகும்போது ரூஜ்லியில் கொஞ்சம் நிறுத்தி, அந்தக் கல்லில் எழுதியிருப்பதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பூ வாங்கிக்கொண்டு போ. பணம் நான் அனுப்புகிறேன்.